தடுப்பூசி போட்ட ஐந்தாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல்: ஊசியால் வந்ததா?

இல்லை. கையில் போடப்படும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது என்பதால், 68 வயதான உங்கள் தாயாருக்கு ஐந்தாம் நாள் தொடங்கிய இருமலும் காய்ச்சலும் அதனால் வந்தவை அல்ல.

பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அருகில் இருமிய யாரிடமிருந்தோ தொற்றியிருக்கலாம். வேறு சளி வைரஸாகவும் இருக்கக்கூடும். ஊசியின் விளைவென்றால் கைவலியும் லேசான காய்ச்சலும் முதல் ஓரிரு நாளிலேயே வந்து அடங்கியிருக்கும். அப்படி இருந்ததா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை நோயும் இருப்பதாக எழுதியிருப்பதால், இன்றே மருத்துவரிடம் காட்டி இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் மருந்து தேவையா என்று கேளுங்கள். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பிந்தினாலும் அவர் வயதில் தருவதுண்டு. வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினாலோ பேச்சு குழம்பினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.