பஸாட் இல்லீங்க, ஃபேட்டன்!

ஜெர்மனியில் சில வருடங்களாக ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன் கார் வைத்திருக்கிறேன். மூன்று லிட்டர் வி6 டீசல், கறுப்பு. நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பார்த்தால் ஃபோக்ஸ்வாகனின் சாதாரணக் காரான பஸாட் மாதிரியே இருக்கிறது. இதில் அப்படி என்ன விசேஷம்?

அப்படித் தெரிவதுதான் விசேஷம். என் பக்கத்து வீட்டுக்காரரும் வெகுநாள் பஸாட் என்றே நினைத்திருந்தார். ஒருநாள் கொட்டும் மழையில் ரயில் நிலையத்தில் இறக்கிவிடக் கூட்டிப்போனேன். கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் அடங்கிவிட்டது. மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்காகவே இந்த வண்டிக்கு இன்னும் பத்து வருடம் காசு செலவழிக்கலாம்.

ஏசியைச் சொல்லியே ஆகவேண்டும். டாஷ்போர்டில் காற்று வரும் வாய்களை மரப்பலகை மூடியிருக்கும், தேவைப்பட்டால் மட்டும் தானாக விலகும். முகத்தில் காற்று அடிக்காது, ஆனால் உள்ளே குளுகுளு. வெளியே 50 டிகிரி வெயிலில் நாள் முழுக்க 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலும் உள்ளே 22 டிகிரி இருக்கவேண்டும் என்பது, ஃபோக்ஸ்வாகனின் அப்போதைய தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக் போட்ட நிபந்தனையாம். விற்ற வண்டிகளை 250-லேயே கட்டிப்போட்டார்கள், அது வேறு கதை.

கேள்வி: இவ்வளவு நல்ல வண்டி விற்பனையில் ஏன் ஓடவில்லை?

சின்னம்தான் காரணம். அந்த விலை கொடுப்பவருக்கு வண்டியின் முன்னால் பென்ஸ் நட்சத்திரம் வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர் வைத்துத் தொழிற்சாலை கட்டி, ஊருக்குள் டிராமில் உதிரிபாகம் கொண்டுபோய், 2002 முதல் 2016 வரை செய்தார்கள். மொத்தம் சுமார் 84 ஆயிரம்தான்.

கேள்வி: பழையது சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

விலையைப் பார்த்து மயங்காதீர்கள். யானையைக் கட்டித் தீனி போடும் வேலை இது. வயதானால், வண்டியைக் காற்றால் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் காற்று கசியும். காலையில் போய்ப் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகக் குந்தியிருக்கும். அப்படியே விட்டால் அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் போய்விடும். முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளையில் இலை அடைத்தால், தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்புக்கு அடியிலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் நனையும். ஆகவே பார்க்கப் போனால் முதலில் தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள், இன்ஜினை அப்புறம் பார்க்கலாம். பேட்டரி இரண்டு. ஒன்று சோர்ந்தாலே சம்பந்தமில்லாத எச்சரிக்கையெல்லாம் திரையில் வரும். சென்சாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் பேட்டரியைச் சோதித்தாரா என்று கேளுங்கள். நான் கேட்காமல் போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தண்டம் அழுதேன்.

கேள்வி: பழைய வி10 டீசல் ஃபேட்டன் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. முறுக்குவிசை 750 நியூட்டன் மீட்டராம்!

ஆசைப்படுங்கள், வாங்காதீர்கள். டர்போவை மாற்ற இன்ஜினையே கீழே இறக்கவேண்டும்.

கேள்வி: இந்தியாவில் வைத்துக்கொள்ளலாமா?

அங்கேயும் கொஞ்ச காலம் விற்றார்கள். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்கவேண்டும். நானாக இருந்தால் மாட்டேன்.

கேள்வி: இதன் அடித்தளம்தானே பென்ட்லி கான்டினென்டல் சொகுசுக் காருக்கும்? பென்ட்லி சின்னம் ஒட்டினால் என்ன?

ஒட்டலாம். அப்புறம் டயர் மாற்றுகிறவர் முதல் கார் கழுவுகிறவர் வரை எல்லாரும் பென்ட்லிக் கூலி கேட்பார்கள். இப்போது பஸாட் என்று நினைத்துத்தான் கூலி வாங்குகிறார்கள், கெடுத்துவிடாதீர்கள்.