குடத்தை நிரப்புகிற வினை

கேள்வி: ஆண்கள் ஐக்கியக் கூடுகையில், "காலேபைப்போல முழு இருதயத்தோடு கர்த்தரைப் பின்பற்றுங்கள், வீட்டில் ஆவிக்குரிய தலைவர்களாக இருங்கள்" என்று பேசினார்கள். கண்ணீரோடு கையை உயர்த்தி ஒப்புக்கொடுத்தேன். குடும்ப ஜெபம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. எங்கே தவறுகிறது? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தலைமை இருக்கட்டும். 'முழு' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்ப்போம்.

கானான் தேசத்தை வேவு பார்க்க மோசே அனுப்பிய பன்னிரண்டு பேரில் ஒருவனான காலேப், கர்த்தரை 'உத்தமமாய்ப் பின்பற்றினான்' என்று நம் வேதாகமத்தில் படிக்கிறோம். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது நிரப்புதல் என்ற வினை. ஆதியாகமம் 24-இல் ரெபேக்காள் துரவில் இறங்கிக் குடத்தை நிரப்பினாளே, அதே வினைதான். 1 இராஜாக்கள் 11:6-இல் சாலொமோன் கர்த்தரைப் 'பூரணமாய்ப் பின்பற்றாமல்' போனான் என்று வருவதும் அதுவே. ஏழு வருஷம் ஆலயம் கட்டினவன் குடத்தை அரைகுறையாக விட்டான். இருதயம் என்பதும் எபிரெயருக்கு உணர்ச்சி பொங்குகிற இடம் மட்டுமல்ல. யோசிப்பதும் தீர்மானிப்பதும் அங்கேதான். கூடுகையில் வந்த கண்ணீர் உண்மையானதுதான். அது முதல் செம்புத் தண்ணீர்.

காலேப் வேவு பார்க்கப் போனது 40 வயதில். மலைநாட்டுப் பட்டணமான எபிரோனைக் கேட்டு வாங்கியது 85-இல். அந்தத் தேசத்தைப் பிடிக்க முடியாது என்று பயந்த மற்றவர்களின் அவிசுவாசத்துக்காக அவனும் வனாந்தரத்தில் நடந்தான். அந்த வருஷங்களில் அவன் பேசியதாக வேதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. குடம் நிரம்பியது அங்கேதான். "இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்" என்ற அவன் வார்த்தையை வீட்டுமனை வாங்குவதற்கான வாக்குத்தத்தமாக மேடையில் பேசுவதை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறோம்; இன்னும் கண்டிப்போம். யோசுவா 21-ஐயும் சேர்த்து வாசியுங்கள். அந்த எபிரோன் பட்டணம் ஆசாரியர்களான ஆரோனின் புத்திரருக்குப் போயிற்று, கைப்பிசகாய்க் கொலைசெய்தவன் ஓடி ஒதுங்கும் அடைக்கலப் பட்டணமும் ஆயிற்று. காலேபுக்கு நின்றது வயல்களும் கிராமங்களும்.

இனி உங்கள் இரண்டு வாரம். தீர்மானம் எடுத்த சூட்டில் விடியற்காலை நாலரை மணி, ஒரு மணி நேரம், ஆதியாகமத்திலிருந்து வரிசையாக என்று ஆரம்பிப்பவர்கள் அதிகம். பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். தாக்குப்பிடித்தவர்களும் லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். இராச்சாப்பாடு முடிந்து, தட்டு கழுவப் போகுமுன் பதினைந்து நிமிஷம் போதும். கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஒரு கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும். பிறகு மாற்கு சுவிசேஷத்தில் பத்துப் பன்னிரண்டு வசனம். மொத்தம் 678 வசனம், இரண்டே மாதத்தில் முடிந்துவிடும். "இதில் உனக்குப் புரியாதது எது?" என்று ஒரே கேள்வி. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். மூன்று நிமிஷ ஜெபம், கடைசியில் எல்லாருமாகக் கர்த்தருடைய ஜெபம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரண்டு நாள் பங்கையும் ஒரே இரவில் வாசிக்க உட்கார்ந்தால் மூன்றாம் நாள் யாரும் வரமாட்டார்கள்.

பல வீடுகளில் குடும்ப ஜெபத்தைக் கொல்வது அப்பாவின் ஜெபம்தான். "ஆண்டவரே, இவன் கணக்கில் 43 வாங்கியிருக்கிறான், இவனுக்குப் புத்தியைக் கொடும்; இவள் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாள், அந்த ஆவியைக் கட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளைத் திட்டுவது. பேச்சு கர்த்தரிடம், குறி பிள்ளையின்மேல். பையன் கண்ணை மூடியிருப்பான், காது எரியும். அதை அடியோடு விட்டுவிடுங்கள். மகனிடம் சொல்ல வேண்டியதைத் தனியாக, கண் திறந்திருக்கும்போது சொல்லுங்கள். அதே நாளில் மனைவியிடம் கடுமையாகப் பேசியிருந்தால் பாட்டு ஆரம்பிக்குமுன், பிள்ளைகள் காதில் விழ, "காலையில் நான் பேசியது தப்பு, மன்னித்துவிடு" என்று கேளுங்கள். மனைவியைக் கனப்படுத்தாத புருஷனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று 1 பேதுரு 3:7 நேராகவே சொல்கிறது.

தலைமை என்றால் எபேசியர் 5-ஐ எடுத்து நீட்டுவார்கள். அங்கே புருஷனுக்குச் சொன்னது அன்புகூரு என்பதுதான். மனைவியை அடக்கு என்று ஒரு வரியும் இல்லை. உங்கள் வீட்டில் இத்தனை நாள் ஜெபத்தை நடத்தியது உங்கள் மனைவி என்றால் அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். பாயை விரித்து, பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் நீங்கள் போய் உட்காருங்கள்.

காலேபுக்கு அக்சாள் என்று ஒரு மகள். அவனைப் பற்றிய பிரசங்கங்களில் அவள் வருவதே இல்லை. யோசுவா 15-இல் கழுதையைவிட்டு இறங்குகிறாள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று காலேப் கேட்கிறான். நீர் தந்தது வறண்ட நிலம், நீர்ப்பாய்ச்சலும் வேண்டும் என்கிறாள். தகப்பன் கொடுத்ததில் குறை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவன் கோபிக்கவில்லை, மேற்புறத்தில் ஒன்று, கீழ்ப்புறத்தில் ஒன்று, இரண்டையும் கொடுத்தான்.

இன்று இரவு மாற்கு 1:1-இல் தொடங்குங்கள். வாசிக்கிற வேலையை வீட்டில் கடைக்குட்டியிடம் கொடுங்கள். தடுமாறினால் திருத்தாதீர்கள், காத்திருங்கள்.