ஷாங்ரி-லா கற்பனை ஊர்தானே, பிறகு அங்கே எப்படிச் சுற்றுலா போகிறார்கள்?

கற்பனைதான். ஜேம்ஸ் ஹில்டன் 1933-இல் எழுதிய ‘லாஸ்ட் ஹொரைசன்’ நாவலில், திபெத்திய மலைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் பள்ளத்தாக்கு அது. அங்கே யாருக்கும் அவசரமில்லை. முதுமைகூட மெதுவாகத்தான் வரும்.

இப்போது போகிறவர்கள் இறங்கும் ஊர், சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பழைய பெயர் சோங்தியன். 2001-இல் அரசாங்கமே ‘ஷாங்ரி-லா’ என்று பெயரை மாற்றிவிட்டது.

காரணம் கவித்துவமானதல்ல, காசு. அந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது மரம் வெட்டும் தொழில். 1998-இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்ததும், ஆற்றின் மேற்பகுதிக் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தார்கள். வருமானத்துக்கு மிஞ்சிய வழி சுற்றுலா. ‘நாவலில் வருவது எங்கள் ஊர்தான்’ என்று பக்கத்து சிச்சுவான் மாகாணத்தின் தாவோசெங்கும் மல்லுக்கு நின்றது. இல்லாத ஊருக்கு இத்தனை போட்டி!

எல்லாமே செட்டிங் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த சோங்சன்லின் மடாலயத்தில் இன்றும் பிக்குகள் வாழ்கிறார்கள். ஆனால் ஊரின் பழைய பகுதியான துக்கெசோங்கில் பார்ப்பது பெரும்பாலும் புதுக்கட்டடம். 2014 ஜனவரித் தீயில் ஏராளமான மரவீடுகள் எரிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டவை. 2023 நவம்பர் முதல், அதே மாகாணத்தின் லிஜியாங் நகரத்திலிருந்து ரயிலே போகிறது. யாரும் கண்டுபிடிக்க முடியாத பள்ளத்தாக்குக்கு ரயில்வே ஸ்டேஷன்! போனால் முதல் நாள் ஓய்வெடுங்கள், அந்த உயரத்தில் மூச்சு வாங்கும்.