கேட்காத குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகளின் குடற்புழு நோய்களைக் கட்டுப்படுத்தும் உலகத் திட்டங்களை வழிநடத்துகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவி என்ற முறையில் எனக்கு அதில் சில ஐயங்கள் உள்ளன. மருந்து நிறுவனங்கள் மாத்திரையை நன்கொடையாகத் தருகின்றன, பள்ளி ஆசிரியர் கொடுக்கிறார், குழந்தை விழுங்குகிறது. இதில் லண்டனிலோ ஜெனீவாவிலோ இருக்கும் தலைவர் செய்வதுதான் என்ன? கழிப்பறையும் தூய நீரும் இல்லாத இடத்தில் சில மாதங்களில் புழு திரும்பிவிடும் என்றால் இந்த உழைப்பு வீண் இல்லையா? எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்குப் புழு இருக்கிறது என்று சோதிக்காமலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுப்பது முறையா? படிப்பு முடிந்ததும் இத்துறையில் சேர எண்ணியிருக்கிறேன். முதலில் எதைக் கற்க வேண்டும் என்றும் சொன்னால் மகிழ்வேன்.

க.

*

அன்புள்ள க.,

உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

சோதிக்காமல் மருந்து கொடுப்பதற்கான காரணம் எளியது. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகிய மூன்றுக்கும் தரப்படும் அல்பெண்டசோல் ஒரே ஒரு மாத்திரை. கோடிக்கணக்கான குழந்தைகள் விழுங்கிப் பாதுகாப்பானது என்று உறுதிப்பட்ட மருந்து. மலத்தைச் சோதிப்பதற்கு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற கண்களும் நேரமும் வேண்டும். அதற்காகும் செலவு மாத்திரையின் விலையைப் போல் பல மடங்கு. ஆகவே ஒரு வட்டாரத்தில் சில பள்ளிகளை மாதிரிக்கு எடுத்துச் சோதித்து, 20 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு மேல் புழு இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையும் 50 விழுக்காட்டைத் தாண்டினால் இருமுறையும் அங்குள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கணக்கு என்ற அளவில் இதில் குறையில்லை.

ஆனால் இந்தக் கணக்கை ஏற்ற அந்த நொடியிலேயே மருத்துவத்தின் பழைய ஒப்பந்தம் ஒன்று தலைகீழாகிவிடுகிறது. வழக்கமாக நோயாளி வருகிறார், வலியைச் சொல்கிறார், மருத்துவர் பார்க்கிறார், பிறகே மருந்து. இங்கே குழந்தை எதுவும் கேட்கவில்லை. அதற்கு வயிற்றில் புழுவே இல்லாமலும் இருக்கலாம். நாமாகத் தேடிச் சென்று அதன் நாவில் மாத்திரையை வைக்கிறோம். இப்படிச் செய்கிறவர் அந்தக் குழந்தைக்கு ஒரு கடன் படுகிறார் என்றே நான் கருதுகிறேன். மருந்து தீங்கு செய்யவில்லை, உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது, பலன் தந்தது என்பதை அளந்து அறிந்தாக வேண்டிய கடன் அது. உலகத் திட்டத்தின் தலைவர் செய்வது என்ன என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கடனைச் சுமப்பதுதான் அவருடைய வேலை.

அளக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு எகிப்து சான்று. நைல் நதிக்கரையில் நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா என்ற இரத்தப்புழு நோயை ஒழிக்க, 1950களிலிருந்து 1980கள் வரை அந்நாட்டு அரசு லட்சக்கணக்கானோருக்கு ஆன்டிமனி கலந்த ஊசி மருந்தைச் செலுத்தியது. நோக்கம் நல்லது, அன்று இருந்த மருந்தும் அதுதான். ஆனால் சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாத ஊசிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றன. உலகிலேயே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி மிக அதிகமாகப் பரவிய நாடுகளுள் ஒன்றாக எகிப்து ஆனதற்கு இந்த ஊசிகளே பெருங்காரணம் என்று பின்னர்தான் தெரிந்தது. பிராசிகுவாண்டல் என்ற விழுங்கும் மாத்திரை வந்தபின் ஊசிக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. சூடானிலும் எகிப்திலும் நெடுங்காலம் பணியாற்றிய ஆய்வாளர் ஆலன் ஃபென்விக், 2002ஆம் ஆண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பில்ஹார்சியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியோடு புர்க்கினா ஃபாசோ, மாலி, நைஜர், தான்சானியா, உகாண்டா, சாம்பியா ஆகிய ஆறு நாடுகளின் அரசுகளுக்குத் துணைநின்றார். மருந்து கொடுத்தவர்கள் அந்தந்த நாட்டுச் சுகாதார, கல்வித் துறையினர். அது அப்படித்தான் இருக்க வேண்டும்; வெளியிலிருந்து வந்தவர் கிளம்பியபின் நின்றுவிடுகிற திட்டம் குழந்தைகளுக்கு உதவாது.

இந்தப் பொறுப்பு எவ்வளவு சிறிய பொருள்களில் தங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிராசிகுவாண்டலை உடல் எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும்; எல்லாப் பள்ளிக்கும் எடைக்கருவி அனுப்ப முடியாது. எனவே உயரத்தைக் கொண்டே எத்தனை மாத்திரை என்று காட்டும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். குழந்தையை அதன் அருகே நிறுத்தினால் போதும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டலும் வயிற்றுவலியும் கூடுகின்றன என்பதால் முதலில் உணவு கொடுக்கச் சொன்னார்கள். மிகச் சிறு குழந்தைகளுக்கு மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தால் மாத்திரை மூச்சுக்குழலில் சிக்கி உயிரே போகலாம். தலைவரின் அறையில் எழுதப்படும் இந்த ஒரு வரி, கடைசிப் பள்ளியின் கடைசி ஆசிரியர் வரை சொல் மாறாமல் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பது கட்டளையிடுவதைவிடக் கடினமான பணி.

கிளாக்ஸோ, ஜான்சன் அண்ட் ஜான்சன், ஜெர்மனியின் மெர்க் ஆகிய நிறுவனங்களின் நன்கொடையால் மருந்துக்குப் பஞ்சம் பெரிதும் நீங்கியிருக்கிறது. இருந்தும் அரசுகள் முன்கூட்டியே கணக்கிட்டுக் கேட்க வேண்டும், துறைமுகத்தில் தேங்காமல் வெளியே வர வேண்டும், பள்ளி விடுமுறைக்கும் காலாவதி நாளுக்கும் முன்பாகப் போய்ச் சேர வேண்டும். அதன்பின் பதிவேடு நிரம்பித் திரும்பி வருகிறது. மருந்து பெற்ற குழந்தைகள் நூறு விழுக்காட்டுக்கும் மேல் என்று ஒரு மாவட்டம் கணக்கு அனுப்பினால் நல்ல தலைவர் மகிழ மாட்டார். மக்கள்தொகைக் கணக்கு பழையதாக இருக்கலாம். கொடுத்ததாகப் பதிந்த மாத்திரை பெட்டியிலேயே இருக்கலாம். அதனால்தான் வேறொரு குழு வீடு வீடாகச் சென்று குழந்தைகளிடமே “விழுங்கினாயா?” என்று கேட்கிறது. பள்ளிக்கே வராத குழந்தை அந்தக் கேள்வியில்தான் முதன்முதலாகக் கண்ணில் படுகிறது.

பலன் குறித்தும் நேர்மையாகப் பேச வேண்டும். கென்யாவின் புசியா பகுதியில் 75 தொடக்கப் பள்ளிகளில் பொருளியலாளர்கள் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகுவெலும் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, புழுநீக்கத்தால் பள்ளிக்கு வராமை கால்பங்கு குறைந்ததாகச் சொன்னது. உலகின் பல திட்டங்களுக்கு அதுவே ஊக்கம். 2015இல் அதன் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டினர். கடும் விவாதம் எழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் சிறு குழந்தைகளை உட்படுத்தி 2013இல் வெளியான ஆய்வு, இறப்பைக் குறைப்பதில் அல்பெண்டசோல் குறிப்பிடத்தக்க பலன் எதையும் காட்டவில்லை என்றது. என் கருத்தில், திட்டங்களின் தலைவர்கள் சிலர் படிப்பையும் வருங்கால வருமானத்தையும் காட்டி அளவுக்கு மிஞ்சி வாக்குறுதி தந்தார்கள். கொக்கிப்புழு குடலின் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது, மிகுந்த எண்ணிக்கையில் இருந்தால் குழந்தைக்குச் சோகை வருகிறது என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஒரு சமூகத்தின் புழுக்களில் பெரும்பகுதி ஒரு சிலரின் வயிற்றிலேயே குவிந்திருக்கும் என்பதும் தெரிந்ததே. எல்லோருடைய சராசரியைப் பார்த்தால் அந்தச் சிலருக்குக் கிடைத்த விடுதலை கரைந்து மறைகிறது. அவர்களுக்காகவே இதைச் செய்யலாம். மற்றதைக் குறைத்தே சொல்லலாம். ஒற்றை அல்பெண்டசோல் சாட்டைப்புழுவிடம் பெரும்பாலும் தோற்றுப்போகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அதை ஒப்புக்கொண்டதால்தான் ஐவர்மெக்டின் என்ற மற்றொரு புழுமருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகள் பிறந்தன.

இனி, புழு திரும்புவதைப் பற்றி. இந்தப் புழுக்கள் நம் உடலுக்குள் பெருகுவதில்லை. ஒவ்வொரு புழுவும் வெளியிலிருந்து தனித்தனியாக உள்ளே வந்தது. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடுகிறது; மண்ணில் அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே நீங்கள் சொல்வது சரி, கழிப்பறை இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் முடிவைத் தராது. ஆயினும் திரும்பி வருவதற்கு இடைப்பட்ட மாதங்களில் வளரும் குழந்தை இரத்தம் இழக்காமல் இருக்கிறது, மண்ணில் விழும் முட்டையும் குறைகிறது. இவற்றை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முடிவையே கண்ட நாடு தென்கொரியா. 1971இல் நடந்த தேசிய ஆய்வில் மக்களில் 84 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு புழுவின் முட்டை இருந்தது. 1997இல் அது 2.4 விழுக்காடு. செல்வம் வளர்ந்ததும், மனித மலத்தை உரமாக இடும் வழக்கம் ஒழிந்ததும் காரணங்கள். ஆனால் 1969 முதல் ஆண்டுக்கு இருமுறை பள்ளிக் குழந்தைகளின் மலத்தைச் சோதித்து, புழு இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நாம் மேலே பேசிய கடனை அவர்கள் குழந்தை குழந்தையாகத் தீர்த்தார்கள். இன்றைய திட்டங்களால் அது இயலாது. மாதிரிப் பள்ளிகள் வழியாகவே தீர்க்க முடியும். அந்த மாதிரிச் சோதனைக்கான பணம்தான் சிக்கனம் வரும்போது முதலில் வெட்டப்படுகிறது. மாத்திரை இலவசம் என்பதால் அதை நிறுத்த யாருக்கும் தோன்றுவதில்லை. கண்களை மூடிக்கொண்டு கை மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கும் நிலை இது. பணத்தைத் தருகிறவர்களிடம் அந்தச் சோதனைக்காகப் போராடாத தலைவரை நான் தலைவர் என்று எண்ணுவதில்லை.

முதலில் எதைக் கற்பது என்று கேட்டீர்கள். மேலாண்மையைப் பிறகு கற்கலாம். காட்டோ-காட்ஸ் என்ற முறையில் மலப்பூச்சைக் கண்ணாடித் தகட்டில் தயாரித்து, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். மலத்தை அளந்தெடுக்கும் அச்சில் 41.7 மில்லிகிராம் கொள்ளும் சிறு துளை இருக்கும். எண்ணியதை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. கொக்கிப்புழுவின் முட்டைகளை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் பூச்சில் உள்ள கிளிசரினில் அவை தெளிந்து மறைந்துவிடும். அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதப்படும்.

அன்புடன்,
ஆசிரியர்