எல்டர்பெர்ரி சிரப்: காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள்

கேள்வி (ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகி): வீட்டு வேலிக்குப் பின்னால் ஹோலுண்டர் என்கிற எல்டர்பெர்ரிப் புதர் கொத்துக் கொத்தாய்க் காய்த்து நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி இதில் சிரப் காய்ச்சலாம் என்கிறார். எப்படி? பழத்தை அப்படியே சாப்பிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கூடவே கூடாது. பச்சையாகத் தின்றால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். இலை, காம்பு, மரப்பட்டை, காய், விதை என்று எல்லாவற்றிலும் வயிற்றுக்குள் போனதும் சயனைடை வெளிவிடும் ஒரு பொருள் இருக்கிறது. 1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே பகுதியில் ஒரு கூட்டத்துக்கு வந்தவர்கள், அங்கே காட்டில் விளைந்த எல்டர்பெர்ரியை இலையும் கிளையுமாகச் சேர்த்து நசுக்கிப் பிழிந்து குடித்துவிட்டார்கள். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. நல்லவேளை, தேறிவிட்டார்கள். நன்றாகக் கொதிக்க வைத்து விதையையும் வடிகட்டிவிட்டால் பயமில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, கொத்து முழுக்கக் கறுத்துக் கீழே தொங்கும்போது பறியுங்கள். கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால், தண்டும் மரம் மாதிரி இல்லாமல் செடியாக இருந்தால் தொடாதீர்கள். அது குட்டை எல்டர், விஷம். முதல் தடவை அந்தப் பாட்டியையே கூட்டிப் போய்க் காட்டச் சொல்லுங்கள், அதுதான் நல்லது.

காம்பு நீக்குவதுதான் இதில் பெரிய வேலை. முள்கரண்டியால் கொத்தை வாரினால் பழம் பொலபொலவென்று உதிரும், கொத்தோடு ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இன்னும் சுலபம். பச்சையாக இருப்பதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஒரு கிலோ பழத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டு, கொதி வந்த பிறகு அடுப்பைக் குறைத்து அரை மணி நேரம் வேகவிடுங்கள். பழம் வெடித்து, கறுப்பா ஊதாவா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில் சாறு இறங்கும், சமையலறை முழுக்க மண்வாசனை கலந்த ஒரு புளிப்பு மணம் வரும். மசித்து, துணியில் வடிகட்டி, சாறு ஒரு லிட்டர் என்றால் அரை கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சைச் சாறு, இலவங்கப்பட்டை, இரண்டு மூன்று கிராம்பு, தட்டிய இஞ்சி போட்டு இன்னொரு பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெந்நீரில் கொதிக்க வைத்த பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள், கறை போகாது.

கேள்வி (லண்டன் வாசகர்): கடையில் காய்ந்த பழம்தான் கிடைக்கிறது. சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்கலாமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். 100 கிராம் காய்ந்த பழத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, பாதியாகச் சுண்டும் வரை, அதாவது முக்கால் மணி நேரமாவது, மெதுவாகக் காய்ச்சி வடிகட்டுங்கள். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு தேனைக் கலக்குங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கவே கூடாது. இந்தச் சிரப்பை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம். நுரை கட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி (கோவை வாசகி): வெளிநாட்டிலிருந்து மகள் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். இது ஃப்ளூ காய்ச்சலைக் குணமாக்கும் என்கிறாள். உண்மையா?

பதில்: ஐரோப்பியக் கிராமங்களில் இது நம் வீட்டுச் சுக்குக் கஷாயம் மாதிரி. இங்கிலாந்தில் சாற்றைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சி வைத்துக்கொண்டு, தொண்டை கட்டினால் வெந்நீரில் கலந்து குடித்தார்கள். வடக்கு ஜெர்மனியில் சளிக்குச் சூடான சாறு, குளிருக்கு ரவை உருண்டையும் ஆப்பிளும் போட்ட எல்டர்பெர்ரி சூப். டென்மார்க்கிலோ அந்த மரத்துக்குள் ஒரு தாய் குடியிருக்கிறாள் என்று நம்பி, அவளிடம் அனுமதி கேட்காமல் கிளையை வெட்ட மாட்டார்கள்.

ஆராய்ச்சி என்று பார்த்தால் ஒரே குரலில் பேசவில்லை. 2004இல் வெளியான நார்வே ஆய்வில் 60 ஃப்ளூ நோயாளிகளில் சிரப் குடித்தவர்களுக்குச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகத் தொந்தரவு அடங்கியது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 87 பேரைப் பார்த்ததில் பலன் எதுவும் தெரியவில்லை. அதனால் மருந்து என்று நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். தொண்டைக்கு இதமான, ருசியான பானம் என்று குடியுங்கள், அதற்கே இது தகும். கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி (வியன்னா வாசகர்): பூவையும் பயன்படுத்தலாமா?

பதில்: பேஷாக. மே, ஜூனில் பூக்கும். காயவைத்துத் தேநீர் போட்டுக் குடித்தால் வியர்த்துக் காய்ச்சல் இறங்கும் என்பது அந்தப் பக்கத்துப் பழைய கைவைத்தியம். உங்கள் ஆஸ்திரியாவிலேயே பூங்கொத்தை அப்படியே மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே சர்க்கரை தூவித் தருவார்கள், கிடைத்தால் விடாதீர்கள். பச்சைக் காம்பை மட்டும் தின்னாமல் ஒதுக்கிவிடுங்கள். பூவைப் பறித்த கொத்தில் பழம் வராது என்பதால், செப்டம்பரில் சிரப் வேண்டுமென்றால் பாதிப் பூவையாவது மரத்திலேயே விட்டுவையுங்கள்.