மென்பொருள் கற்கக் கடன் வாங்காதீர்கள்

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஈரோட்டில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். நிறுவனங்களுக்குக் கணினிவழிப் பாடம் தயாரிக்கும் 'இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன்' வேலைக்கு மாற ஆசை. ஒரு பயிற்சி மையம் 65,000 ரூபாய்க்கு, மூன்று மாதத்தில் ஸ்டோரிலைன் மென்பொருள் கற்றுத்தந்து வேலையும் உறுதி என்கிறது. சேரலாமா? ஏஐ வந்தபின் இந்தத் துறை நிற்குமா?

பதில்: சேர வேண்டாம். இது கணினித் தொழில் என்று உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். இது உங்கள் தொழில்தான்.

இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்களுக்கு அவசரமாகப் பயிற்சி தரவேண்டிய நெருக்கடியில் அமெரிக்க ராணுவம் உளவியலாளர்களைக் கூப்பிட்டது. அங்கிருந்து வளர்ந்த துறை இது. ஆராய், வடிவமை, தயாரி, நடத்து, மதிப்பிடு என்று இன்றும் நாங்கள் ஓதும் ஐந்து படிகள், 1975இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அந்த ராணுவத்துக்காக வகுத்த முறையிலிருந்து வந்தவை. வீட்டுக்கு வீடு கணினி இல்லாத காலம் அது. பிறகு சிடி வந்தது, அசையும் பாடங்கள் செய்யும் ஃபிளாஷ் மென்பொருள் வந்தது, கைப்பேசி வந்தது. ஃபிளாஷ் தெரியாதவனுக்கு வேலையே இல்லை என்று ஒரு காலத்தில் எங்களை மிரட்டினார்கள். 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதைக் கைவிட்டது. நான் கண்விழித்துச் செய்த பாடங்கள் இன்று திறப்பதுகூட இல்லை. அவற்றுக்காக எழுதிய பாடத்திட்டத் தாள்கள் மட்டும் இன்னும் பயன்படுகின்றன.

அந்தத் தாளில் என்ன இருக்கும்? தொழிற்சாலைத் தீப்பாதுகாப்புப் பாடம் ஒன்று. வாடிக்கையாளர் தந்த நோக்கம்: 'தீயணைப்பான்களின் வகைகளை அறிவார்.' அறிந்தாரா என்று எப்படிப் பார்ப்பது? அதை அடித்துவிட்டு, 'மின்பலகையில் தீப்பிடித்தால் தண்ணீர் வாளியைத் தொடாமல் கார்பன் டை ஆக்சைடு உருளையை எடுப்பார்' என்று எழுதினோம். நாற்பது திரைகள் பதினொன்றாயின. தீயணைப்பானின் வரலாறு போயிற்று, யாரும் தேடவில்லை. திரையில் உள்ள வரிகளையே குரலும் படிப்பதை நீக்கினோம். அது கற்பதற்கு இடைஞ்சல் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் எப்போதோ தெரிந்த விஷயம். இருந்தும் இன்றுவரை அப்படித்தான் கேட்கிறார்கள். 'அடுத்து' பொத்தானை நாற்பது முறை அழுத்தியவருக்குப் 'பயிற்சி முடிந்தது' என்று பதிவாகும். தணிக்கைக்கு அது போதும். இருபது ஆண்டுகளாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்த 65,000. 'மாதத் தவணையில் கட்டலாம்' என்று கைப்பேசியில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது கட்டணத் தவணை அல்ல. ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் வாங்கும் கடன். பணம் மொத்தமாக மையத்துக்குப் போய்விடும். மையம் மூடினாலும் தவணை மூடாது. 'வேலை உறுதி' என்பதை எந்தப் பதவி, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று எழுதிக் கேளுங்கள். அன்றோடு அவர்கள் போன் செய்வதை நிறுத்திவிடுவார்கள்.

ஒரே ஒரு விலக்கு. ஏதாவது நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்து, 'எங்களிடம் ஸ்டோரிலைனில்தான் வேலை' என்று சொன்னால் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கப் போவதாகச் சொன்னால் அல்ல. பணி நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு. அப்போதும் பயிற்சி மையத்துக்குப் போகவேண்டாம். தயாரிப்பாளரே 30 நாள் இலவசச் சோதனைப் பதிப்பு தருகிறார். பவர்பாயின்ட் பழகியவருக்கு அந்த அவகாசம் தாராளம். விளம்பரத்தில் மென்பொருளின் பெயர் இருப்பதை நியமனக் கடிதமாக எண்ணிவிடாதீர்கள். விளம்பரம் எழுதுபவருக்கு இந்த வேலை என்னவென்று தெரியாது, அதனால்தான் மென்பொருள்களை அடுக்குகிறார்.

ஏஐ? புத்தகத்திலிருந்து திரைக்கு வரிகளை மாற்றிப் பிழைத்தவர்களின் வேலை போகும், போய்க்கொண்டிருக்கிறது. கேள்வித்தாளும் முதல் வரைவும் அதற்கு நிமிட வேலை. மின்பலகை எரியும்போது அந்தத் தொழிலாளி ஏன் தண்ணீர் வாளிக்கு ஓடினார் என்று அவரிடம் போய் விசாரிக்க இன்னும் ஆள் வேண்டும்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். அம்மீட்டரைத் தொடரிலும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் பொருத்துவதை, நீங்கள் அருகில் இல்லாமலே ஒருவர் கற்கும்படி இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். அதை ஒரு மாணவனிடம் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பாருங்கள். தடுமாறிய இடத்தைக் குறித்து, திருத்தி, வேறொருவனிடம் கொடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு வடிவங்களையும் இணையுங்கள்; முதல் மாணவன் கம்பியை எங்கே மாற்றிச் செருகினான் என்று குறித்த தாளையும் சேர்த்து.