அவளுடைய மூக்கு அல்ல, அவள் சொன்ன வார்த்தை

கேள்வி: 22 வயது மகள், மூக்கு கோணல் என்று சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்திருக்கிறாள். மயக்க மருந்து ஆபத்தா? கல்யாணப் பேச்சுக்குத் தடையாகுமா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: அம்மா, மயக்க மருந்தும் கல்யாணப் பேச்சும் இப்போதைக்கு இருக்கட்டும். "இந்த முகத்தோடு இருப்பதைவிட இல்லாமல் போவது மேல்" என்று மகள் இரண்டு தடவை சொன்னதைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் தருவது அந்த வரிதான்.

சாப்பிடும்போதும் ஒரு கையால் மூக்கை மறைத்துக்கொள்வது, குளியலறைக் கண்ணாடியின் முன் ஒரு மணித்தியாலம் நிற்பது, விரிவுரைக்குப் போகாமல் அறைக்குள் அடைந்திருப்பது, நீங்கள் எத்தனை தடவை "வடிவாகத்தான் இருக்கிறது" என்றாலும் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகிய எல்லாம் சேர்ந்து, பிறர் கண்ணுக்குப் படாத குறையொன்று ஒருவரின் நாளையே விழுங்கிவிடும் பொடி டிஸ்மோர்பிக் டிஸ்ஓடர் என்னும் நோயை ஐயுற வைக்கின்றன. இது வீண் பிடிவாதமும் அல்ல, நீங்கள் அஞ்சுவது போலப் பைத்தியமும் அல்ல. கைத்தொலைபேசியால் வந்ததென்றும் சொல்ல முடியாது, இத்தாலிய மனநல வைத்தியர் மொர்செல்லி இதை 1891இலேயே விவரித்துவிட்டார். ஆனால் முகத்துக்கு மிக அருகில், 30 சென்டிமீற்றரில் எடுக்கும் படம் எவருடைய மூக்கையும் அகலமாகவே காட்டும் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

இந்நோய் உள்ளவர்களுக்குக் கத்தி வைத்தால் மனம் ஆறுவது அரிது. மூக்கைச் சரிசெய்த பின்பும் அதே கவலை நீடிக்கும், அல்லது தாடைக்கோ தோலுக்கோ தாவும். பயன் தருவது, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பயிற்றி மாற்றும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையும், மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் புளூஒக்சட்டீன் போன்ற மருந்துகளும்தான். மருந்தின் பலன் தெரிய 12 வாரங்கள் வரை ஆகலாம் என்பதால் இடையில் நிறுத்தக் கூடாது. பாமசியில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்ததை என்னால் ஏற்க முடியாது: சாக நினைப்பதாகச் சொல்லும் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் மாத்திரை அட்டை இருக்கலாமா? இன்றே அதை எடுத்து ஒளித்து வையுங்கள்.

அவளைத் தனியே விடாமல், சாக நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் விடியும்வரை காத்திராமல் தேசிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் மனநல வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ நீங்களே அழைத்துப் பேசலாம். சத்திரசிகிச்சை நிபுணரிடம் நாளைத் தள்ளிவைக்கக் கேட்கும்போது, எனக்குக் கடிதத்தில் எழுதியது எதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.